கோழி வந்த வழி

கோழிக்கறிக்குச் சரித்திரம் உண்டா என்று சென்ற கிறிஸ்துமஸுக்கு முன்னால் யாராவது என்னைக் கேட்டிருந்தால், "உண்டே! ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஆரம்பமாகும். பகல் இரண்டு மணிக்குள் முடிந்துவிடும்" என்று பதில் சொல்லியிருப்பேன். கல்லூரியில் நான் இரண்டு வருஷம் சரித்திரம் படித்தவன்தான். பானிபட் யுத்தங்கள் மூன்றும் எந்த எந்த வருஷத்தில் நடந்தன என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். ஆனால் சாப்பாட்டு இலைக்கும் சரித்திரத்துக்கும் சம்பந்தம் உண்டென்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லிக் கொடுத்தது, என் அக்கா மகள் வீட்டுத் திண்ணையில் கொண்டுவந்து இறக்கிய ஒரு கறுப்புப் பெட்டி.

எங்கள் ராயப்பன்பட்டியை நேயர்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்துக்கு அருகே இருக்கிறது. ஒரு பக்கம் மேகமலைத் தொடர். பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்ப்பக்கம் பார்த்தால் கேரளத்து ஏலமலைகள். நடுவே நெல், வாழை, தென்னை, திராட்சைப் பந்தல். ஊருக்குள் மாதா கோவில். மலையடிவாரத்தில் சண்முகா நதி அணை. அந்த ஊரில், எழுபத்தைந்து வயதைத் தாண்டிய என் தாயார் இன்னமும் தன் கையால் பொங்கித்தான் சாப்பிடுகிறாள்.

அக்கா மகள் ஜப்பானில், யோக்கஹாமா நகரத்தில் உத்தியோகம் பார்க்கிறாள். லீவுக்கு வந்தவள், வரும் வழியில் மதுரையில் அந்தப் பெட்டியை வாங்கி வந்திருந்தாள். அம்மா அதைச் சுற்றி ஒரு முறை வந்து பார்த்தாள்.

"இது என்னத்தா, மூடி போட்ட குப்பைக்கூடை மாதிரி இருக்கு?"

"ஏர் ஃப்ரையர் அம்மாச்சி. இதுல கோழி பொரிக்கலாம். சட்டி நிறைய எண்ணெய் ஊத்த வேண்டாம். காத்துலயே பொரியும்."

"சேசு மரி சூசையே! காத்துல கோழி பறக்குறதே பெரும்பாடு. காத்துல பொரியுமா?"

"பொரியும் அம்மாச்சி. நாளைக்கு உனக்கு டெரியாக்கிக் கோழி செஞ்சு தாரேன்."

"என்ன கோழி?"

"டெரியாக்கி."

"தெரியாமத்தானே கேக்குறேன்! பேரைச் சொல்லு."

இந்தச் சம்வாதம் முடிய ஐந்து நிமிஷம் ஆயிற்று. கடைசியில் அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீதான் ஊர் உலகத்துக் கதையெல்லாம் எழுதுறவனாச்சே தம்பி, நீ சொல்லு. இது எந்த ஊர்க்காரங்க சாப்பாடு?"

"ஜப்பான்காரர்கள் சாப்பாடு" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத் தேடிப் போனபோது, அந்தக் கோழி ராயப்பன்பட்டிக்கு வந்து சேர்வதற்குள் பாதி உலகத்தைச் சுற்றியிருக்கிறது என்று தெரிந்தது.

முதலில் கோழியை எடுத்துக்கொள்வோம்.

ராயப்பன் என்ற பெயரைக் கேட்டவுடன் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு நினைவு வருபவர் இராயப்பர், அதாவது பேதுரு. தம் குருவைத் 'தெரியாது, தெரியாது, தெரியாது' என்று அவர் மூன்று தரம் மறுதலித்த பின்பு சேவல் கூவிற்று; அவர் மனம் கசந்து அழுதார். அடிவாரத்து நதிக்குச் சண்முகர் பெயர். அவர் கையிலும் சேவற்கொடி. ஜப்பானியருக்கும் அப்படி ஒரு சேவல் உண்டு. அவர்களுடைய சூரிய தேவதையான அமதெராசு, கோபித்துக்கொண்டு ஒரு குகைக்குள் போய் அடைத்துக்கொண்டாளாம். உலகம் இருண்டுவிட்டது. மற்றத் தேவர்கள் சேவல்களைக் கூவவிட்டு, ஆடிப்பாடி அவளை வெளியே வரவழைத்தார்களாம். இன்றும் இசே நகரத்துக் கோவிலில் சேவல்கள் தெய்வப் பிரஜைகளாகச் சுதந்தரமாக உலாவுகின்றன. ஆக, விடியலைச் சொல்லும் உத்தியோகத்தை மூன்று தேசத்தாரும் ஒரே பறவையிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

அந்தப் பறவை மனிதனிடம் வந்து சேர்ந்தது எப்போது? 2022-ல் வெளியான ஆராய்ச்சியின்படி, வீட்டுக் கோழி என்று நிச்சயமாகச் சொல்லத்தக்க மிகப் பழைய எலும்புகள் மத்திய தாய்லாந்தில் கிடைத்திருக்கின்றன. காலம், சுமார் கி.மு. 1650 முதல் 1250 வரை. செந்நிறக் காட்டுக் கோழி, நெல்லும் தானியமும் விளையும் இடத்தைத் தேடி மரத்திலிருந்து இறங்கி வந்ததாம். நெல் அதைக் கூப்பிட்டது, அது வந்தது. மனிதன் பிறகுதான் கூடையைக் கவிழ்த்தான்.

இதில் எங்கள் மலைக்கும் பங்கு உண்டு. மேகமலைக் காட்டில் சாம்பல் நிறக் காட்டுக் கோழி இருக்கிறது. அதைப் பிடிப்பதும் அடிப்பதும் இன்று குற்றம். ஆனால் விடியற்காலையில் அதன் குரலை அடிவாரத்தில் கேட்கலாம். ஸ்வீடன் தேசத்து உப்ஸாலா சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சிக்காரர்கள் 2008-ல் ஒரு விஷயம் கண்டுபிடித்தார்கள். வீட்டுக் கோழியின் தோலில் இருக்கிற மஞ்சள் நிறம் செந்நிறக் காட்டுக் கோழியிடமிருந்து வந்ததல்ல. தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக் கோழி கலந்ததனால் வந்தது என்று. உலகத்தில் எந்தப் பட்டணத்து இறைச்சிக் கடையில் மஞ்சள் தோல் கோழி தொங்கினாலும், அதில் நமது மலைகளின் ரத்தம் ஒரு துளி இருக்கிறது என்று அர்த்தம். இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்போ நம்ம வீட்டுப் பிள்ளைதானா!" என்றாள். அந்த நிமிஷம் முதல் டெரியாக்கியின் மேல் அவளுக்கிருந்த சந்தேகம் சற்றுக் குறைந்தது.

இனி அந்தப் பெயருக்கு வருவோம். ஜப்பானிய பாஷையில் 'தெரி' என்றால் மினுமினுப்பு. 'யாகி' என்றால் சுட்டது. மினுமினுக்கச் சுட்டது என்று பொருள். ஒரு பண்டத்தை நெருப்பில் சுட்டு, சோயா சாறும் இனிப்பும் சேர்ந்த பாகைப் பூசி, மறுபடி சுட்டு, மறுபடி பூசி, கண்ணாடி மாதிரி பளபளக்கச் செய்வதுதான் அந்தச் சமையல்.

ஆனால் பழைய ஜப்பானில் அப்படிச் சுட்டது பெரும்பாலும் மீனை. கி.பி. 675-ல் தெம்மு என்ற சக்கரவர்த்தி, மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி இந்த ஐந்தின் இறைச்சியையும் வருஷத்தின் விவசாய மாதங்களில் தின்னக்கூடாது என்று கட்டளையிட்டார். பௌத்த தர்மமும் உழவுத் தேவையும் சேர்ந்து பிறப்பித்த கட்டளை அது. பின்னால் வந்தவர்களும் அதைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் போட்டார்கள். அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருந்தது என்றால், அடிக்கடி மீறினார்கள் என்பதுதானே அர்த்தம்! ஆயினும் இறைச்சி என்பது பல நூற்றாண்டுகள் அங்கே கூச்சத்தோடு தின்கிற பண்டமாகவே இருந்தது. 1872-ம் வருஷம் மெய்ஜி சக்கரவர்த்தி தாமே மாட்டிறைச்சி சாப்பிட்டு, அதை ஊரறியச் செய்த பிறகுதான் அந்தக் கூச்சம் விலகிற்று.

சோயா சாறின் கதை இன்னும் சுவையானது. காக்குஷின் என்ற பௌத்த பிக்கு சீனத்துக்குப் போய், 1254-ல் தாயகம் திரும்பியபோது, மொச்சை மாதிரியான சோயாப் பருப்பைப் புளிக்கவைத்துத் துவையல் செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டு வந்தார் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லும் கதை. அந்தத் துவையல் தொட்டியில் ஊறித் தேங்கிய நீரை யாரோ தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். சாறு பிறந்தது. யுஆசா என்ற ஊர்க்காரர்கள் இந்தப் பெருமை தங்களுக்கே என்கிறார்கள். ஊறுகாய் ஜாடியின் அடியில் தேங்குகிற சாறைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுப் பழகிய நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் கஷ்டம் இல்லை. சோயாப் பருப்பை அவித்து, வறுத்துடைத்த கோதுமையோடு கலந்து, ஒரு வகைப் பூஞ்சணத்தைப் படரவிட்டு, உப்பு நீரில் மாதக் கணக்கில் ஊறப்போட்டுப் பிழிந்தால் சோயா சாறு. தோசை மாவை ஓர் இராத்திரி புளிக்கவிடுகிறோம் நாம். அவர்கள் ஆறு மாதமும் அதற்கு மேலும் காத்திருக்கிறார்கள்.

அந்தச் சாறு ஜப்பானிலேயே இருந்துவிடவில்லை. நாகசாகித் துறைமுகத்தில் டெஜிமா என்று விசிறி வடிவத்தில் ஒரு குட்டித் தீவை உண்டாக்கி, 1641 முதல் டச்சுக் கம்பெனியாரை அதற்குள்ளே வைத்திருந்தார்கள். அங்கிருந்து டச்சுக் கப்பல்கள் செம்பையும் சோயா சாறையும் ஏற்றிக்கொண்டு பத்தாவியாவுக்கும் மற்றக் கீழைக் கடல் பண்டசாலைகளுக்கும் வந்தன. அதே டச்சுக் கம்பெனிக்குத்தான் நமது பழவேற்காட்டில் கோட்டை இருந்தது; 1658-ல் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்ததும் அதுவே. ஜப்பானியச் செம்பு சோழமண்டலக் கரையில் இறங்கிற்று. நம் நெசவாளர்களின் கோடு போட்ட பருத்தித் துணி ஜப்பானுக்கு ஏறிற்று. மயிலாப்பூர் சாந்தோமின் பெயரையே அந்தத் துணிக்கு வைத்து, 'சாந்தோமே' என்று ஜப்பானியர் அழைத்தார்கள். 1679-ல் ஜான் லாக் என்ற ஆங்கிலத் தத்துவ ஞானி, கீழைத் தேசத்திலிருந்து லண்டனுக்கு வரும் தொடுகறிகள் என்று தம் நாட்குறிப்பில் இரண்டைச் சேர்த்து எழுதி வைத்தார். ஒன்று மாங்காய், மற்றது சோயா. நமது ஊறுகாயும் அவர்கள் சாறும் முந்நூற்று நாற்பது வருஷத்துக்கு முன்பே ஒரே மேஜையில் அறிமுகமாகிவிட்டன.

நம் வீட்டுக்குள் சோயா நுழைந்ததோ வேறு வழியில். கல்கத்தாவில் குடியேறிய சீனர்கள் தங்கள் சமையலுக்கு வேண்டிய சாறுகளை அங்கேயே தயாரித்தார்கள். 1975-ல் பம்பாய் கிரிக்கெட் கிளப்பில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர், கல்கத்தாவில் பிறந்த சீனர், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயோடு சோயாவைச் சேர்த்து 'சிக்கன் மஞ்சூரியன்' என்று ஒன்றைச் செய்தார். மஞ்சூரியாக்காரர்கள் கண்ணால் பார்த்திராத அந்தப் பண்டம் இந்தியா முழுவதும் பரவிற்று. பிறகு தள்ளுவண்டி ஃப்ரைட் ரைஸ் வந்தது. அதன் பின்னாலேயே கம்பம் கடைத்தெரு மளிகைக் கடைகளுக்கும் சோயா பாட்டில் வந்துவிட்டது. அக்கா மகள் ஜப்பானிலிருந்து எதையும் சுமந்து வர வேண்டியிருக்கவில்லை.

இதுவரை சொன்னவற்றில் ராஜாக்கள், பிக்குகள், வியாபாரிகள் வந்தார்கள். கோழிக்கும் பாகுக்கும் கல்யாணம் செய்து வைத்தவர்களில் முக்கியமானவர்கள் வேறு ஜாதி: கூலிகள்.

1868-ல் சுமார் 150 ஜப்பானியர் ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யக் கப்பலேறினார்கள். 1885 முதல் அரசாங்க ஒப்பந்தத்தின் பேரிலே ஆயிரக்கணக்கில் போனார்கள். வெயிலில் கரும்பு வெட்டும் வேலை. மேஸ்திரியின் அதட்டல். இதெல்லாம் நமக்குப் புதிய கதை அல்ல. இதே காலத்தில் நம்மவர்கள் இலங்கைத் தேயிலைக்கும், மலேயாவின் தோட்டங்களுக்கும், நேட்டால் கரும்புக்கும் போனார்கள். இன்றைக்கும் எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து இருட்டோடு எழுந்து, தூக்குச் சட்டியில் சோற்றைக் கட்டிக்கொண்டு, ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறி ஏலத் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள்.

சொந்த ஊரில் பாகுக்கு மிரின் என்ற இனிப்பான அரிசி மது வேண்டும். ஹவாய்த் தோட்டத்தில் அதற்கு எங்கே போவது? அங்கே இருந்தது சர்க்கரை. பிறகு அன்னாசிப் பழம். அதைப் பிழிந்து ஊற்றினார்கள். இஞ்சியும் பூண்டும் தட்டிப் போட்டார்கள். மீனுக்குப் பதிலாகக் கையில் கிடைத்த இறைச்சியைச் சுட்டார்கள். பழைய எடோ நகரத்துச் சமையல்காரர் பார்த்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஆனால் இன்று உலகம் டெரியாக்கி என்று சொல்லி இஞ்சி, பூண்டு, சர்க்கரையோடு சாப்பிடுவதில், அந்தக் கூலிகள் இல்லாததைக் கொண்டு சமாளித்ததன் ருசி இருக்கிறது.

பிறகு யுத்தம் வந்தது. 1942-ல் அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்த ஜப்பானிய வம்சத்தார் சுமார் 1,20,000 பேரை வீடு வாசலை விட்டுக் கிளப்பி, முள்வேலி முகாம்களில் அடைத்தது அமெரிக்க அரசாங்கம். அவர்களில் பெரும்பாலோர் அந்த நாட்டுப் பிரஜைகளே. முகாமிலிருந்து திரும்பியவர்களுக்குப் பழைய கடையும் இல்லை, நிலமும் இல்லை. அப்படி ஒதுக்கிவைத்த ஜனங்களின் சாப்பாட்டை அதே அமெரிக்கா இருபதே வருஷத்தில் நாக்கைச் சப்புக்கொட்டிச் சாப்பிட ஆரம்பித்தது. கிக்கோமன் என்ற ஜப்பானிய சோயா நிறுவனம் 1957-ல் சான்பிரான்சிஸ்கோவில் கிளை திறந்தது. 1961-ல் டெரியாக்கிச் சாறைப் பாட்டிலில் அடைத்து விற்றது. 1976-ல் டோஷிஹிரோ கசஹாரா என்பவர் ஸியாட்டில் நகரத்தில் ஒரு சின்னக் கடை போட்டார். சுட்ட கோழி, சோறு, முட்டைக்கோஸ். அந்த நகரத்தில் தெருவுக்குத் தெரு டெரியாக்கிக் கடை முளைத்தது. பின்னால் அந்தக் கடைகளில் பலவற்றைக் கொரியாக்காரர்கள் நடத்தினார்கள். நம் ஊர் உடுப்பி ஹோட்டல்கள் எல்லாவற்றையும் உடுப்பிக்காரர்களா நடத்துகிறார்கள்?

கோழியும் வந்தது, பாகும் வந்தது. பெட்டிதான் பாக்கி.

காற்றாடி வைத்த அடுப்பு புதிது அல்ல. 1945-ல் வில்லியம் மாக்ஸன் என்ற அமெரிக்கர், ஆகாய விமானத்தில் போகிறவர்களுக்கு உறைந்த சாப்பாட்டைச் சூடாக்கிக் கொடுக்க, விசிறி வைத்த ஓர் அடுப்பைச் செய்தார். அதைக் குறுக்கி, சமையலறை மேடையில் உட்காரும்படி ஃப்ரெட் வான் டெர் வெய் என்பவர் உழைத்து உருவாக்கியதை, 2010-ல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் கம்பெனி 'ஏர் ஃப்ரையர்' என்று வெளியிட்டது. அவரும் டச்சுக்காரர், கம்பெனியும் டச்சு. சோயாவைக் கப்பலில் ஏற்றிய தேசமே அதைச் சுடுவதற்குப் பெட்டியும் செய்து கொடுத்திருக்கிறது!

அதன் சூட்சுமம் எளிது. மேலே மின்சாரக் கம்பிச் சுருள் பழுக்கிறது. அதன் மேல் விசிறி சுழல்கிறது. குறுகிய கூடைக்குள் அனல்காற்று வேகமாகச் சுற்றி வருகிறது. சாதாரண அடுப்புப் பெட்டிக்குள் பண்டத்தைச் சுற்றி ஈரக் காற்று ஒரு போர்வை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே விசிறி அந்தப் போர்வையை உருவி எறிந்துவிடுகிறது. காற்றடிக்கிற நாளில் மொட்டைமாடியில் வடகம் சீக்கிரம் காய்கிற ரகசியம்தான். மேல்தோல் காய்ந்ததும், இறைச்சியிலிருக்கிற புரதப் பொருளும் சர்க்கரையும் அனலில் கூடிச் சிவந்து மணக்கின்றன. 1912-ல் இதைக் கண்டு சொன்ன பிரெஞ்சுக்கார டாக்டர் மையார் பெயரால்தான் இன்றும் ரசாயனக்காரர்கள் அந்தச் சிவப்பைக் குறிப்பிடுகிறார்கள்.

இவ்வளவு சாஸ்திரம் படித்துவிட்டு நாங்கள் செய்த முதல் டெரியாக்கி கரிக்கட்டை.

அது இப்படி நடந்தது. கறிக்கடைத் தம்பியிடம் எலும்பு நீக்கித் தோலோடு தொடைக்கறி முக்கால் கிலோ வாங்கி வந்தோம். சோயா, இஞ்சி, பூண்டு, நாட்டுச் சர்க்கரை எல்லாவற்றையும் கலந்து, ஊறவைத்து, கூடையில் அடுக்கி, இருநூறு டிகிரியில் வைத்தாள் அக்கா மகள். பத்து நிமிஷத்தில் புகை. திறந்து பார்த்தால் மேலே கறுப்பு, உள்ளே பச்சை.

அம்மா எட்டிப் பார்த்தாள். "இனிப்பை முதல்லயே போட்டா வேற என்ன ஆகும்? கறி முதல்ல வேகட்டும்த்தா. பாகைத் தனியாக் காய்ச்சிக் கடைசியில பூசு" என்றாள்.

நான் திடுக்கிட்டுப் போனேன். ஜப்பானியச் சமையல்காரர்கள் வழிவழியாகக் காப்பாற்றி வருகிற முறை அதுதான். அதிரசத்துக்குப் பாகு பதம் பார்த்துப் பழகிய கை, ஜப்பானைப் படத்தில்கூடப் பார்க்காமலே அதைச் சொல்லிவிட்டது.

அடுத்தது, மிரின். கம்பத்திலும் கிடைக்காது, தேனியிலும் கிடைக்காது. அம்மா கொல்லைப்பக்கம் போய், பக்கத்துத் தோட்டத்தாரிடம் ஒரு கூடை பன்னீர் திராட்சை வாங்கி வந்தாள். மற்ற ஊர்களில் திராட்சைக்குப் பருவம் உண்டு. எங்கள் பள்ளத்தாக்கில் வருஷம் முழுவதும் எங்காவது ஒரு பந்தலில் பழம் தொங்கும். 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அதுவும் வந்தேறிதான். 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் அந்தக் கொடியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள்.

ஒரு டம்ளர் திராட்சைச் சாறைக் கால் டம்ளராகச் சுண்டக் காய்ச்சினோம். நான்கு மேஜைக்கரண்டி சோயா, இரண்டு கரண்டி நாட்டுச் சர்க்கரை, துருவிய இஞ்சி, நசுக்கிய நான்கு பல் பூண்டு. கரண்டியின் முதுகில் ஒட்டும் பதம். கறியை வெறும் சோயாவிலும் இஞ்சியிலும் அரை மணி ஊறவைத்து, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, தோல் மேலே இருக்கும்படி 190 டிகிரியில் 12 நிமிஷம். பிறகு திறந்து ஒரு தரம் பாகு பூசி மூன்று நிமிஷம். இன்னொரு தரம் பூசி மூன்று நிமிஷம். கறியின் நடுவே கத்தியால் கீறிப் பார்த்து, சிவப்பு இல்லை, சாறு தெளிவாக வருகிறது என்றால் வெந்துவிட்டது. தோல் மினுமினுத்தது. ஜப்பானியர் 'தெரி' என்று சொன்னது இதைத்தான்.

பெட்டி ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்திலேயே மணைப்பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். "எங்கிருந்துடா இவ்வளவு காத்து வருது?" என்று கேட்டாள். கரண்டிலிருந்து என்றேன். சொன்ன பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். பென்னிகுவிக் கட்டி 1895-ல் திறந்த பெரியாற்று அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருகிறது. லோயர் கேம்ப்பில் அது குழாய் வழியே விழுந்து 1950-களின் இறுதியிலிருந்து மின்சாரம் கொடுக்கிறது. விழுந்த தண்ணீர் கீழே வந்து இந்தப் பள்ளத்தாக்கின் வயலுக்குப் பாய்கிறது. விளக்கும் நெல்லும் ஒரே தண்ணீர்.

ஆனால் அம்மா கேட்ட கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. அவளும் ஐம்பது வருஷம் காற்றால்தான் சமைத்தாள், ஊதுகுழல் வைத்து. ஈர விறகுக்கு முன்னால் குனிந்து, கண்ணில் நீர் வழிய அவள் ஊதிய காற்று எந்த அணையிலிருந்தும் வரவில்லை. அவள் நெஞ்சிலிருந்து வந்தது. இப்போது மார்கழிப் பனியில் அவளுக்கு இருமல் வருகிறபோதெல்லாம் எனக்கு அந்த ஊதுகுழல் ஞாபகம் வருகிறது.

கூடையில் நான்கு துண்டுதான் ஒரு சமயத்தில் அடங்கிற்று. நாங்கள் ஐந்து பேர். அக்கா மகள் முதல் துண்டை எடுத்து அம்மாச்சியின் தட்டில் வைத்தாள்.

"எனக்கெதுக்குத்தா முதல்ல? மாமாவுக்கு வை."

"மாமா காத்திருக்கட்டும். நீ சாப்பிடு அம்மாச்சி."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவள் பிட்டு வாயில் போட்டு, நிதானமாக மென்றாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு சுற்றுமுற்றும் பார்த்து, "குழம்பு எங்கே?" என்று கேட்டாள்.

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் அன்று இராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது அது சிரிப்பதற்கான கேள்வியாகப் படவில்லை.

எங்கள் சிறு வயதில் கோழி என்பது விருந்தாளிக்கும் திருவிழாவுக்கும்தான். பண்ணைக் கோழி வந்து, கோழிக்கறி தினசரிச் சாமானாக மாறியது பிற்பாடு. அன்று ஒரு கோழி அடித்தால் அப்பா, அப்பத்தா, பிள்ளைகள் ஆறு பேர், தோட்டத்து ஆள், வந்த விருந்தாளி இருவர். ஒரு கோழிக்குக் கால் இரண்டே. பதினொரு பேருக்கும் அதைப் பங்கு போடுவது எப்படி? அதற்குத்தான் குழம்பு. மல்லியும் மிளகாயும் தேங்காயும் அரைத்து ஊற்றினால், ஒரு கோழி பதினொரு தட்டுக்கும் போய்ச் சேரும். இன்னும் ஓர் ஆள் வந்துவிட்டால் இன்னும் ஒரு செம்பு தண்ணீர். குழம்பு என்பது ருசிக்காக மட்டும் வந்ததல்ல. வறுமை போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கில் விட்டுப்போன பன்னிரண்டாவது ஆள் ஒருத்தி உண்டு. சட்டியை வழித்துச் சோற்றைப் போட்டுப் பிரட்டி, கழுத்து எலும்பை உறிஞ்சிவிட்டு, 'எனக்குக் குழம்புதான்பா பிடிக்கும்' என்பாள். நாங்கள் அதை நம்பினோம். அவளும் சொல்லிச் சொல்லி நம்பிவிட்டாள் போலிருக்கிறது.

அவள் கேள்விக்கு இப்போது என்னால் பதில் சொல்ல முடியும். சாப்பாடு எந்த ஊருடையது என்பதைப் பிறந்த இடம் தீர்மானிப்பதில்லை. ஹவாயில் அன்னாசி ஊற்றியவர்கள் அதைத் தங்களுடையதாக ஆக்கினார்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது. மிளகைப் பார்த்துப் பேர் வைத்து அதை நாம் நம்முடையதாக ஆக்கினோம். யார் அடுப்பில் எது இருந்ததோ, அதைப் போட்டுப் பக்கத்தில் இருப்பவருக்குப் பரிமாறியபோது, அது அந்த ஊர்ச் சாப்பாடு ஆகிவிட்டது. யாருக்கு முதலில் பரிமாறினார்கள், யார் கடைசியில் சாப்பிட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அந்தச் சரித்திரம் முழுசாகும்.

அக்கா மகள் அன்று சிரித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. மிச்சமிருந்த பாகில் ஒரு கரண்டி வெந்நீர் விட்டு, மிளகைத் தட்டிப் போட்டு, ஒரு கொதி கொதிக்கவைத்து, "இந்தா அம்மாச்சி, குழம்பு" என்று சோற்றில் ஊற்றினாள். அம்மா பிசைந்து சாப்பிட்டாள். இரண்டாவது துண்டையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டாள்.

இப்போது பெட்டி ராயப்பன்பட்டியிலேயே இருக்கிறது. போன வாரம் டெலிபோனில் அம்மா சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை வா தம்பி. தெரியாக்கிக் குழம்பு வைக்கிறேன்."

அந்த வார்த்தையைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை.